அடுக்களை கண்ட மாற்றம்

'அடு' என்னும் வினையடி தமிழில் சமைத்தலைக் குறிப்பது. அடுப்பு, அடிசில், அட்டில், அடுக்களை ஆகிய சொற்கள் அவ்வடியினின்றே கிளைத்தன. மடைப்பள்ளி கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதாயிற்று. குசினி போர்ச்சுகீசியர் வழியே வந்து நம் கடற்கரை ஊர்களில் தங்கிவிட்ட சொல். சமையற்கட்டு, அடுப்பங்கரை, சமையலறை என மேலும் பல உண்டு. ஓர் அறைக்கு இத்துணைப் பெயர்கள் வழங்கிய மொழியைக் கற்பிக்கும் யாம், அவ்வறையைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதியதில்லை. மலர்க்குழுவினர் கட்டுரை வேண்டியபோது அக்குறையைத் தீர்த்துக்கொள்ள எண்ணினோம்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். புதுமணம் புரிந்த பெண், தயிர் பிசைந்த விரலை ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணிற் படியத் தானே துழாவிப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. இப்பாடலைப் பல்லாண்டுகள் நடத்தியுள்ளோம். ஒவ்வோராண்டும் மலர்ந்த முகத்தைப் பற்றியே விரித்துரைத்தோம். கண்ணிற்பட்ட புகையை ஒரு தொடரில் கடந்தோம். புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் காட்டும் அடுப்போ சமைத்தலையே மறந்து காளான் பூத்துக் கிடப்பது. அதனை நடத்துகையில் வறுமையைப் பேசினோம், அடுப்பை நோக்கினோமில்லை. இப்பிழையை எமக்கு உணர்த்தியவர் நூலாசிரியர் எவருமல்லர். எம்மைப் பெற்ற தாயாரே.

எம் முன்னோர் ஊர் பழவேற்காடு. பாட்டியார் மணமாகி இராயபுரத்துக்கு வந்தபோது, அங்குள்ள நம் பெண்கள் கைத்திறனால் முடையும் பனையோலைப் பெட்டிகள் சிலவற்றையும் கொண்டுவந்தார். மிளகாய்க்கு ஒன்று, மல்லிக்கு ஒன்று, கருவாட்டுக்கு ஒன்று என அவையே எம் வீட்டின் முதல் அலமாரி. வாப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் பணியில் இருந்தார். 1856இல் தென்னகத்தின் முதல் இரயில் வாலாஜா நோக்கிப் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தின் ஊதல் கேட்கும் தொலைவில், ஆறு குடித்தனங்கள் கொண்ட ஒரு ஸ்டோரில் எமக்கு ஒரு பகுதி. அதில் ஆறடிக்கு எட்டடி அளவினதாய் ஓர் அடுக்களை. சன்னல் இல்லை; ஓட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு மட்டும் இருந்தது. பகல் பத்து மணிக்கு அதன் வழியே இறங்கும் வெயிற்கற்றையில் புகை சுழல்வதைப் பார்த்துக்கொண்டே யாம் மனப்பாடம் செய்வோம்.

இன்றைய மாணவர் பலர் மரத்தூள் அடுப்பைக் கண்டிருக்கமாட்டார்கள். மர அறுவைக் கூடங்கள் மிகுந்த வடசென்னையில் அதுவே ஏழை வீட்டுத் தீ. தகர டின்னின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்டு, நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, துளை வழியே ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி இடித்து இறுக்கவேண்டும். பின்பு புட்டியையும் கட்டையையும் மெல்ல உருவினால் நடுவில் ஒரு புழை நிற்கும். கீழே தீ வைத்தால் தூள் உள்ளிருந்து சிறுகச்சிறுக எரியும். ஒரு வேளைச் சமையல் முடியும். இறுக்கம் தளர்ந்தால் தூள் சரிந்து தீ அவியும். தூளில் ஈரம் இருந்தாலோ புகைதான். இறுக்கும் வேலை எம்முடையது. யாம் விளையாட்டு நினைவில் அரைகுறையாக இறுக்கிய நாள்களில் உம்மா ஊதுகுழலோடு போராடி இருமிய இருமல் இன்றும் எம் செவியில் உள்ளது.

ஆயினும் அவ்வடுக்களைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. உம்மா மணைப்பலகையில் அமர்வார். வலக்கைப்புறம் அரிவாள்மனை, இடக்கைப்புறம் தண்ணீர்க்குடம், எதிரே அடுப்பு, பின்புறம் பெட்டிகள். எழாமலே எல்லாம் கைக்கு எட்டும். காசிமேட்டு மீனை ஆய்வதும், அம்மியில் அரைப்பதும், ஆட்டுக்கல்லில் ஆட்டுவதும் பொதுமுற்றத்தில் நடக்கும். ஆறு வீடுகளுக்கும் அம்மி ஒன்றே. எவர் வீட்டில் என்ன குழம்பு என்பது அம்மியைக் கழுவிய நீரின் மணத்திலேயே தெரிந்துவிடும். நோன்பு மாதத்தில் எம் வீட்டுக் கஞ்சி ஆறு வீட்டுக்கும் போகும். பொங்கலன்று அவர்கள் வீட்டுப் பொங்கல் எம் வீட்டுக்கு வரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அம்முற்றத்தில் இல்லை.

1991இல், யாம் ஏழாம் வகுப்புப் பயின்றபோது, எம் வீட்டுக்கு எரிவாயு வந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை 1969இலேயே இயங்கத் தொடங்கியது. அதன் கோபுரத்துத் தீ இரவில் எம் ஸ்டோரின் மொட்டை மாடியிலிருந்து தெரியும். அத்துணை அருகில் இருந்த நெருப்பு எம் அடுப்புக்கு வந்துசேர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. இணைப்புக்குப் பெயர் பதிந்து காத்திருந்த காலம் அது.

எரிவாயு புகையைப் போக்கியது; அதனோடு இன்னொன்றையும் செய்தது. அடுப்பு உருளையைவிட உயரமான இடத்தில் இருக்கவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. உருளையோ இரண்டடி உயரம். ஆகவே அடுப்புக்கு மேடை வேண்டியதாயிற்று. மேடை வந்ததும் அதுகாறும் அமர்ந்து சமைத்தவர் எழுந்து நின்றார். தமிழ்ப் பெண்கள் நின்று சமைக்கத் தொடங்கியதற்கு நாகரிக ஆசையை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. அந்தச் சிவப்பு உருளையின் உயரமும் ஒரு காரணம். நின்றபின் அரிவாள்மனை போய்க் கத்தி வந்தது. கோவையில் 1950களில் உருவான மின் ஆட்டுரல் ஆட்டுக்கல்லை நீக்கியது. மிக்சி அம்மியை நீக்கியது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியபின் குடிசைகளிலும் அம்மி ஓய்வு பெற்றது. ஆட்டும் கைகள் ஓய்ந்தன; நல்லதே. முற்றத்துப் பேச்சும் உடன் ஓய்ந்தது.

மேலைநாட்டிலும் இம்மாற்றம் ஒரு வரலாறு உடையது. ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926இல் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலைப் பெண்மணி ஓர் அடுக்களையை வடிவமைத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் உணவுப்பெட்டியின் சிற்றடுக்களை அவருக்கு முன்மாதிரி. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று அளந்து, ஒவ்வொன்றையும் கையெட்டும் இடத்தில் பொருத்தினார். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. இன்று நம் கடைத்தெருக்களில் 'மாடுலர் கிச்சன்' என்று விற்கப்படுவதன் மூதாதை அதுவே. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அவ்வறை பெண்ணைத் தனிமைப்படுத்திற்று என்ற குறையும் பின்னாளில் எழுந்தது. அதனை வரைந்த காலத்தில் தாம் சமைத்ததோ வீடு நடத்தியதோ இல்லை என்று அவ்வம்மையாரே பிற்காலத்தில் ஒளிவின்றிக் கூறினார். இதனைப் படித்தபோது எமக்கு உள்ளூரச் சுருக்கென்றது.

ஏனெனில் அதே பிழையை யாமும் செய்திருந்தோம். அவரேனும் அளந்தார், யாம் அளக்கவுமில்லை.

வாப்பாவின் மறைவுக்குப் பின் திருவொற்றியூரின் மேற்குப் பகுதியில் ஒரு மனையில் 2012இல் வீடு கட்டினோம். கூடமும் படிப்பறையும் எப்படி வேண்டும் என்று குடும்பத்தார் எல்லாரையும் கேட்டோம். அடுக்களையை மட்டும் எம் பரிசாக இருக்கட்டும் என்று எவரையும் கேளாமல் வண்ணப் படத் தொகுப்பைப் பார்த்துத் தேர்ந்தோம். வெண்ணிற அடுக்குப் பெட்டிகள், கருங்கிரானைட் மேடை, தலைக்கு மேல் புகை உறிஞ்சி, தூசு வரக்கூடும் என்று பின்வாசலை அடைத்துவிட்டோம். பழைய அம்மி ஸ்டோரிலிருந்து எம்மோடு வந்திருந்தது. "இத என்ன சார் பண்றது?" என்று கொத்தனார் கேட்டார். மாடிப்படிக்கு அடியில் போடச் சொன்னோம்.

பால் காய்ச்சிய அன்று உம்மா அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார். மகனை 'வாப்பா' என்று விளிப்பது எம் வீட்டு வழக்கம். "நல்லாத்தான் இருக்கு வாப்பா. நான் எங்க உக்காரட்டும்?" என்றார். அதனை நகைச்சுவையாகக் கொண்டு சிரித்தோம்.

உம்மாவின் உயரம் நான்கடி எட்டு அங்குலம். மேடையின் உயரம் 34 அங்குலம். அதன்மேல் அடுப்பு ஐந்து அங்குலம். அதன்மேல் தேக்சா எட்டு அங்குலம். தேக்சாவின் விளிம்பு அவர் தோளுக்கு நிகராக வந்தது. கொதிப்பதை எட்டிப்பார்க்கவே முனைவிரலில் நிற்கவேண்டும். முழங்கால் வலியால் நெடுநேரம் நிற்கவும் இயலாது. முதலில் கூடத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தார். பிறகு அதுவும் நின்றது. சமையல் முழுவதும் எம் துணைவியாரின் பொறுப்பாயிற்று. மேலடுக்குகளை எட்டி எட்டி அவருக்கும் தோள்வலி வந்தது. பின்வாசல் இல்லாமையால் அண்டை வீட்டுப் பெண்கள் தெருவாசலில் மணியடித்து வரவேண்டியிருந்தது. மணியடித்து வருகிறவர் கிண்ணத்தோடு வருவதில்லை. யாமோ உம்மா ஓய்வு பெற்றுவிட்டார் என்றும், அது எம் உழைப்பின் பயன் என்றும் நண்பர்களிடம் பெருமை பேசினோம். அவர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டதை அறிந்தோமில்லை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் பெய்வித்த மழையை வடசென்னை மறவாது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதையும், மீனவர் படகும் வலையும் கருத்ததையும் நாடறியும். எம் வீட்டில் முழங்கால் அளவு நீர். அது வடிந்தபோது சுவரில் ஒரு கருங்கோடும், நாசியை விட்டு நீங்காத ஒரு வாடையும் எஞ்சின. அடுக்களையின் கீழ்ப்பெட்டிகள் ஊறிப் பருத்து, பட்டை உரிந்து, கைபட்ட இடமெல்லாம் உதிர்ந்தன. உம்மா உதிர்ந்ததை விரலில் எடுத்துப் பார்த்தார். "இது நம்ம அடுப்புத் தூள்தானே" என்றார். உண்மைதான். பளபளப்பான அப்பலகைகள் மரத்தூளைப் பசையிட்டு அழுத்தி ஆக்கப்பட்டவை. நீர் புகுந்தால் பருத்துவிடுவது அவற்றின் இயல்பு. எம் தாயாரை இரும வைத்த அதே தூளுக்கு வெள்ளைத் தாளை ஒட்டி, பெருந்தொகை கொடுத்து வாங்கியிருந்தோம்.

மின்சாரம் இல்லாத அந்நாள்களில் தெருவிலுள்ள ஐந்து குடும்பங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் கூடின. அது ஒரு மீனவக் குடும்பத்தின் வீடு. ஒருவர் உருளையைச் சுமந்து வந்தார். ஒருவர் அரிசி கொணர்ந்தார். தாழ்ந்த திண்டின்மேல் அடுப்பை வைத்தனர். உம்மா ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் அமர்ந்து அகப்பையைக் கையில் வாங்கினார். நாற்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சினார். "தண்ணி இன்னும் ஊத்து, பசங்க இருக்குதுங்க" என்று ஏவிக்கொண்டே இருந்தார். குழம்பு காய்ச்சினால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கருத்திற் கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த நபிமொழியை மேடைகளில் எடுத்துரைத்திருக்கிறோம். அது நிகழ்வதை எம் தாயார் கையில் அன்றுதான் பார்த்தோம். அவர் குரலில் அத்துணை அதிகாரத்தைப் பதினோராண்டுகளுக்குப் பின் கேட்டோம்.

வீட்டைச் செப்பனிட்டபோது வண்ணப் படத் தொகுப்பைத் தொடவில்லை. உம்மாவையும் துணைவியாரையும் நிற்க வைத்தும் அமர வைத்தும் முழங்கை உயரத்தை அளந்தோம். முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருப்பதே கைக்கு இதம். ஆகவே வெவ்வேறு உயரத்தில் இரு மேடைகள் அமைந்தன. உம்மாவுக்காக 20 அங்குல உயரத்தில் மெல்லிய கடப்பைக்கல் பலகை. எதிரே ஒரு முக்காலி. அவ்வளவு தாழ்வாக எரிவாயு அடுப்பை வைத்தல் ஆகாது என்பதால் அதில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தோம். மண்சட்டி அதில் சூடேறாது என்று உம்மா முதலில் முணுமுணுத்தார். பின்பு இரும்புச் சட்டியோடு சமாதானம் ஆனார். அடுக்குகள் எல்லாம் கதவில்லாத கடப்பைக்கல். வெள்ளம் வந்தாலும் கழுவிவிடலாம். அடைத்த பின்வாசலைத் திறந்தோம். மாடிப்படியின் அடியில் கிடந்த அம்மி வாசலருகே இடம் பெற்றது.

2024 மார்ச்சில் நோன்பு தொடங்கிற்று. முதல் நாள் உம்மா முக்காலியில் அமர்ந்து கஞ்சிக்குச் சாமான்களைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டார். அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் என எல்லாம் கைக்கெட்டும் தொலைவில். திடீரெனக் கை நின்றது. எம்மை நிமிர்ந்து பார்த்து, "வெந்தயம் இப்பவா போடுவோம், அரிசியோடவா?" என்று கேட்டார்.

நாற்பதாண்டுக் காலம் கண்ணை மூடிக்கொண்டு செய்த கை அது. எமக்கு விடை தெரியவில்லை. யாம் உண்டவரேயன்றிச் சமைத்தவரல்லேம். துணைவியார் அருகே வந்து அமர்ந்து, "மாமி, போன தடவ மாடியில அரிசியோடதான் போட்டீங்க" என்றார். உம்மா தலையசைத்துத் தொடர்ந்தார். கஞ்சி நன்றாகவே வந்தது. பின்வாசல் வழியே ஐந்து வீட்டுக்கும் சென்றது. எம் நெஞ்சில் மட்டும் அக்கேள்வி நின்றுவிட்டது. மேடையை இடித்துக் கட்டலாம். அப்பதினோராண்டுகளைத் திரும்பக் கட்ட எந்தக் கொத்தனாராலும் இயலாது.

இதனால் பழையன யாவும் நல்லன என்று யாம் வாதிடுவதாக எவரும் கொள்ளற்க. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. உம்மாவின் நெஞ்சிலும் அப்புகையின் மிச்சம் உள்ளது. மழைக்காலத்தில் இன்றும் இருமுகிறார். எரிவாயு இல்லாத வீடுகளுக்கு அதனைக் கொண்டுசேர்க்க 2006க்குப் பின் தமிழக அரசும், 2016இல் உஜ்வலா திட்டத்தின் வழியே நடுவணரசும் எடுத்த முயற்சிகள் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் காத்த அறப்பணிகள். மரத்தூள் அடுப்பை நினைந்து ஏங்குபவர் அதன்முன் ஒரு நாளும் அமர்ந்திராதவராகவே இருப்பர்.

புதுமையை வெறுப்பதும் எம் நோக்கமன்று. மொசைக் தரை வந்தது, வெள்ளை ஓடு வந்தது, கிரானைட் வந்தது, இப்போது கூடத்தோடு இணைந்த திறந்த அடுக்களை வருகிறது. காசிமேட்டு மீனைப் பொரிக்கும் வீட்டுக்கு அது ஒத்துவருமா என்பதை அவ்வீட்டுப் பெண்களிடம் கேட்டால் உடனே விடை கிடைக்கும். அழகில் அவரவர் சுவை அவரவர்க்கு. எமக்குக் கருங்கல்லின் குளிர்ச்சியும், கண்ணெதிரே தெரியும் பித்தளைச் செம்பும் பிடிக்கும். எம் மகளுக்கு மஞ்சள் வண்ணச் சுவர் பிடிக்கும். அதுவும் எம் அடுக்களையில் உண்டு. ஆனால் அங்கே நாள்தோறும் நிற்பவரின் சுவையும் வசதியும் முதலில் வரவேண்டும். பார்ப்பவரின் சுவை அதற்குப் பின்னரே.

அதனை அறிய யாம் கண்டறிந்த எளிய வழி, தாமே சமைத்துப் பார்ப்பது. இப்போது ஞாயிறுதோறும் உம்மாவின் முக்காலிக்கு அருகே ஒரு மணைப்பலகையிட்டு அமர்கிறோம். மீன் ஆணம் இருமுறை அடிப்பிடித்தது. மூன்றாம் முறை உம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் கரண்டி கேட்டார். கரும்பலகையின் முன் பெற்ற பாராட்டுகள் எவையும் அத்துணை இனித்ததில்லை. குறுந்தொகைத் தலைவியின் முகம் ஏன் மலர்ந்தது என்பது எமக்கு ஒருவாறு விளங்கிற்று. இவ்வாண்டு அப்பாடலைப் புகையிலிருந்து தொடங்கி நடத்தினோம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உறி, பரண், திருகை, குந்தாணி, கும்மட்டி, அகப்பை, ஊதுகுழல் என எத்துணையோ சொற்கள் நம் வீட்டு முதியோர் நாவில் மட்டும் உயிரோடுள்ளன. அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தாயாரிடமும் பாட்டியாரிடமும் சென்று, எதனை எங்கே வைத்தீர்கள், எப்படி அமர்ந்தீர்கள், எங்கே வலித்தது என்று கேளுங்கள். நாளை நீங்கள் வீடு கட்டும்போது, வரைபடம் போடுவதற்கு முன் அவர்களுடைய முழங்கையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். யாம் பதினோராண்டுகள் பிந்திக் கேட்ட கேள்வியை நீங்கள் முதல் நாளே கேட்டுவிட்டால், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.